பல்வலிக்கு ரெண்டு மாத்திரை

"ஒண்ணே ஒண்ணு குடு, போதும்," என்றார் சூப்பர்வைசர், இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நெம்புகோல் நின்றுகொண்டிருந்தான். இருபது வருஷமாகச் சரக்குக் கிடங்கில் பாரம் தூக்குகிறவன். எவ்வளவு பெரிய மரப்பெட்டியையும் தோளைக் கொடுத்துப் பெயர்த்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். போன வாரம் ஒரு பெட்டி அவனைப் பெயர்த்துவிட்டது. தோள் எலும்பில் தகடு வைத்துத் தைத்து, கையைத் துணியில் போட்டுக் கழுத்தோடு தொங்கவிட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அது தலைவலி காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரை இல்லை. அபின் வகையைச் சேர்ந்தது. மருந்துக்கடை அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனை ஒப்பிக்கவும் சொன்னாள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. வலி கூடினாலும் இரண்டாகாது. குடி கூடாது, தூக்க மாத்திரை கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். மிச்சமானதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்தவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது.

"உங்களுக்கு வலியை நிறுத்துறது, இன்னொருத்தருக்கு மூச்சையே நிறுத்திடும்," என்றாள்.

நெம்புகோல் மூன்று முறை ஒப்பித்தான். நான்காம் முறை அவன் மனைவி ஒப்பித்தாள். மாத்திரை அவளுடைய துணிப்பெட்டிக்குள் போனது, சாவி அவள் கழுத்துக்குப் போனது.

சூப்பர்வைசருக்கு இல்லை என்று சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் நெம்புகோல் இன்னும் மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. கிடங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு: வாசல் மேசையில் லாரி நம்பரைக் குறிப்பது. அந்த மேசை யாருக்கு என்று நாளைக்குச் சூப்பர்வைசர் பட்டியல் போடுகிறார். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் மூன்று மாதமும் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

"தீர்ந்து போச்சு சார்," என்றான்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, மணி ஆறாச்சு. ஒம்பது மாத்திரை இருக்கு, ஒண்ணு எடுத்துட்டு வரவா?"

சூப்பர்வைசர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார், நெம்புகோலை ஒருதரம் பார்த்தார். அவர் பட்டியல் எழுதுகிற பேனா சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"நான் பார்க்கலை சார். இதோ கொண்டு வரேன்," என்று நெம்புகோல் உள்ளே ஓடினான்.

மனைவி கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நெம்புகோல் அலமாரியைப் பார்த்தான். அதில் இன்னொரு அட்டை கிடந்தது. வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும் என்பதால், அதை இளக்குவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். கத்தரியை எடுத்து இரண்டு குழியை வெட்டிக் காகிதத்தில் மடித்தான்.

சூப்பர்வைசர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, வலது கன்னத்தைப் பிடித்தபடி படியிறங்கினார். வலி அந்தப் பக்கமும் பரவிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நெம்புகோல் நினைத்தான்.

விஷயம் தெரிந்ததும் மனைவி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லுக்குன்னு வந்தவருக்கு வயித்துக்கா குடுத்தீங்க?"

"அதுல ஆபத்து ஒண்ணும் கிடையாது."

"அவருக்குக் கிடையாது. உங்களுக்கு?"

நெம்புகோல் அப்போதுதான் கணக்குப் போட்டான். கட்டிப்போன தன் வயிற்றுக்கே ஒன்று போதும். கட்டாத வயிறு, அதில் இரண்டு. பட்டியல் போடுகிற நாள். முதலாளியும் வருகிற நாள்.

காலையில் நேராகப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஸ்கூட்டர் வாசலில் நின்றது, தொடவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தான். போய்ப் பார்த்தால் சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் முதலாளியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அதுதான் நெம்புகோலைப் பயமுறுத்தியது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், ஆரம்பிக்கும்போது எப்படி இருக்கும்?

இனி தன்னால் ஆனது ஒன்றுதான் என்று தோன்றியது. கிடங்குக்கு மொத்தம் ஒரே கக்கூஸ். அவர் ஓடி வரும்போது அது காலியாக இருக்க வேண்டும். நெம்புகோல் அதன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

முதலில் வந்தவன் குள்ளன், அவனோடு ஒரே வரிசையில் பாரம் தூக்குகிறவன்.

"தள்ளு மச்சான்."

"உள்ள தண்ணி வரலை."

குள்ளன் நல்லவன். தண்ணீர் வரவில்லை என்றால் சும்மா போகிறவன் இல்லை. நேரே போய்க் குழாய்க்காரரிடம் சொன்னான். குழாய்க்காரர் வந்து, எங்கே அடைப்பு என்று தெரியாமல் எதையும் தொட முடியாது என்று சொல்லி, மேல் தொட்டியின் வால்வை மூடிவிட்டுச் சாமான் வாங்கப் போனார். இப்போது நிஜமாகவே தண்ணீர் வரவில்லை.

நெம்புகோல் நல்ல கையில் வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாய்க்குப் போனான். அவன் திரும்புவதற்குள் ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டான். கதவைத் தட்டி, கெஞ்சி, அவனைப் பாதியில் வெளியே வரவைக்க வேண்டியதாயிற்று. அவன் பேசியதை இங்கே எழுத முடியாது.

பதினோரு மணிக்கு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு பேர் இங்கே நின்றால் அங்கே சரக்கு யார் இறக்குவது? வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன.

"யாருக்குய்யா காவல் காக்குற? சொல்லித் தொலை," என்றான் குள்ளன்.

"சூப்பர்வைசருக்கு."

"எனக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சூப்பர்வைசர் ஒரு கையில் பட்டியலும் ஒரு கையில் பேனாவுமாக நின்றார். வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நெம்புகோல் வாளியைக் கீழே வைத்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை. நேற்றுக் கொடுத்தது வலி மாத்திரை இல்லை, வயிற்றை இளக்குகிற மாத்திரை, வலி மாத்திரையை யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லத் தைரியமில்லாமல் இப்படிச் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று ஏழு பேர் முன்னால் சொல்லி முடித்தான்.

ஒருவனும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதும் அவர்களுக்கு அந்த நேரத்தில் கஷ்டமான காரியம்தான்.

சூப்பர்வைசர் பட்டியலைச் சுவரில் வைத்து, நெம்புகோலின் பேரை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார்.

"ஆனா சார்," என்றான் நெம்புகோல், மனசு கேட்காமல், "ரெண்டும் போட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

பேனா நின்றது. சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. "ஐயையோ," என்று மெதுவாகச் சொன்னார். போனைத் தேடி ஒவ்வொரு பையாகத் தட்டினார்.

போன் கிடைப்பதற்குள் அவர் மனைவியே வந்துவிட்டாள். ஹாரன் அடிக்கிற லாரிகளுக்கு நடுவே புகுந்து, விறுவிறுவென்று கக்கூஸ் வரைக்கும் வந்தாள். சூப்பர்வைசர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. நெம்புகோல் என்பது யார் என்று கேட்டாள். நெம்புகோல் நல்ல கையைத் தூக்கினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணா, எங்கம்மாவுக்கும் இடுப்பு ஆபரேஷனுக்கு நீங்க சாப்பிடுற அதே மாத்திரைதான், கூடக் கூடப் போட்டு முன்னாடியே தீர்த்துட்டு, ஆறு நாளா வயிறு கட்டிப்போய், இன்னும் வேணும்னு துடிச்சாங்கன்னுதான் இவரைப் பல்வலின்னு சொல்லி உங்ககிட்ட வாங்கிட்டு வரச் சொன்னேன்," என்றாள். "வந்த மாத்திரையை நேத்து ராத்திரி இவருக்குச் சொல்லாம மருந்துக்கடையில காட்டுனேன், அவங்க டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு, அம்மாவுக்கு இப்ப வேண்டியதே இதுதான்னு சொன்னாங்க, இன்னிக்குக் காலையில ஆறு நாள் பாரமும் இறங்கிருச்சு, குடுத்தவருக்கு அந்த மேசை வேலையைக் குடுக்காம உம் புருஷன் வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியனுப்புனாங்க."