வேர்க்கும் வெண்கலக் கரடி

பழைய சீன தேசத்து லின்ஸி நகரத்தில் அந்தக் கோடையில் எல்லாருக்கும்தான் வேர்த்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தானிய வியாபாரி ஷாவ் பெங் வீட்டு முற்றத்தில் ஒரு வெண்கலக் கரடிக்கு வேர்த்தது. அதைப் பார்க்க மேற்கு வாசல் வரைக்கும் வரிசை நின்றது.

கரடி ஒன்றும் பெரியதில்லை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். பொன்முலாம் பூசிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தது. பெரிய வீடுகளில் பாய் சுருளாமலிருக்க நாலு மூலையிலும் வைப்பார்களே, அந்த ரகம். ஆனால் இது பாய்க்குக் காவல் இருக்க வந்ததில்லையாம். கீழைக்கடல் தீவிலிருந்து கொங்சுன் சாமியாரோடு கிளம்பி வந்ததாம். சாமியாருக்கு வயது முந்நூறு. ஆகாரம் ஒரு நாளைக்கு ஒரு இலந்தைப் பழம். அவர் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு இலந்தைப் பழம் எவ்வளவு சத்துள்ளது என்று விளங்கியது.

கரடியின் முன்னால் மண்டியிட வேண்டும். பேய் பிடித்தவர் என்றால் கரடிக்கு வேர்க்கும். இரண்டு கட்டுப் பட்டு கொடுத்தால் சாமியார் மந்திரம் சொல்வார். சொல்லச் சொல்ல வேர்வை காய்ந்துவிடும், பேய் போய்விட்டது. கொடுக்காவிட்டால் கரடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், பேய் இருக்கும். ஏழைகள் முன்னால் கரடிக்கு அநேகமாக வேர்ப்பதில்லை. பேய்களுக்கும் வசதியான வீடுதான் தோதுப்படும் போலிருக்கிறது.

அன்று காலை தியான் ஷு என்ற வார்ப்புக்காரி பட்டறைக்குப் போகவில்லை. தங்கை வானை அவள் மாமியார் கரடியிடம் கூட்டிவந்திருந்தாள். மாமியாரின் லு குடும்பத்தில் பட்டுப்புழுக்கள் மொத்தமாகச் செத்துப்போயிருந்தன. வீட்டுக்கு வந்து மூன்று வருஷமே ஆன மருமகள் இருக்கும்போது காரணத்தை வேறெங்கே போய்த் தேடுவது?

வான் மண்டியிட்டாள். சாமியார் உள்ளேயிருந்து கரடியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மார்பில் பொடிப்பொடியாக நீர் துளிர்த்தது.

"இருக்கு," என்றார் சாமியார். "புழுவைத் தின்னது இதுதான்."

"சாமி, பட்டுக்கு எங்க போவேன்?" என்றாள் மாமியார். "புழுதான் செத்துப்போச்சே. ரெண்டு கோழி ஏற்கெனவே குடுத்திருக்கேன்."

"கோழி பாக்கறதுக்கு. ஓட்டறதுக்குப் பட்டு. முடியலைன்னா இவளை வீட்டை விட்டு அனுப்பிரு. குழந்தை உங்க வம்சம், அது இருக்கட்டும்."

வான் அழவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தாள். அவள் போக வேறு வீடு கிடையாது. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஷு ஒருத்திதான். குழந்தைக்கு இன்னும் பால்குடி மாறவில்லை.

ஷு கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அவள் வேலை இதுதான். கரடி, புலி, படுத்திருக்கும் மான் என்று வார்த்து வரும் பொம்மைகளின் வயிற்றில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவாள். கனம் வேண்டுமே, இல்லாவிட்டால் பாய் எப்படி நிற்கும்? ஈயம் ஊற்றிய கரடியை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இந்தச் சாமியாரோ ஆவியில் வெந்த பணியாரத்தை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் கொண்டுவந்து வைத்தார். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேர்வை கழுத்துக்குக் கீழேதான். காதும் மூக்கும் காய்ந்து கிடந்தன. ஓடி உழைத்தவனுக்கு முதலில் நெற்றியில்தான் வேர்க்கும்.

அவள் போய் தங்கை பக்கத்தில் மண்டியிட்டாள்.

"சாமி, நாங்க ஒரே வயித்துப் பிள்ளைங்க. எனக்கும் இருக்குதான்னு பாருங்க."

சாமியார் துணியால் கரடியைத் துடைத்தார். மறுபடி துளிர்த்தது. அவர் முகம் மலர்ந்தது. "உனக்கும் இருக்கு. உனக்கும் ரெண்டு கட்டு."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல சாமி."

"அப்ப எழுந்திரு." அவர் கரடியை எடுக்கக் கையை நீட்டினார்.

"எழுந்திருக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். கரடி உள்ள போயிட்டா எங்க ரெண்டு பேர் பேயையும் யாரு பாத்துக்குவாங்க? பின்னால நிக்கறவங்க மேல தாவிடாதா?"

பின்னால் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒரு எண்ணெய் வியாபாரி குரல் கொடுத்தான்: "சாமி, கரடி அங்கயே இருக்கட்டும்."

"கரடிக்குக் களைப்பா இருக்கு," என்றார் சாமியார்.

"எங்களுக்கும்தான் விடிஞ்சதுலேர்ந்து களைப்பா இருக்கு. அதை எடுத்தீங்கன்னா இவளுங்க பேய் என் பொண்டாட்டியைப் பிடிக்கும். ஏற்கெனவே அவளோட என்னால முடியல."

கூட்டம் மேடையைச் சூழ்ந்துகொண்டது. சாமியாரின் பக்தர்கள்தான், சந்தேகப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கரடி அசையக் கூடாது என்று அவர்களே காவல் நின்றார்கள்.

"மந்திரம் மட்டும் சொல்லாதீங்க சாமி," என்றாள் ஷு. "குடுக்காம வாங்கினா பாவம்."

தினைச்சோறு வேகும் நேரம் ஆயிற்று. வெயில் மேடைக்கு வந்தது. சொட்டுகள் சிறுத்தன. ஒரு தடவை துடைத்தபின் மறுபடி துளிர்க்கவில்லை. கரடி பளபளவென்று காய்ந்து உட்கார்ந்திருந்தது.

"போயிடுச்சு," என்றான் எண்ணெய் வியாபாரி. "சும்மாவே போயிடுச்சு."

"மனசுக்குள்ள சொன்னேன்," என்றார் சாமியார். "இரக்கப்பட்டு."

கூட்டம் தலையாட்டியது. முந்நூறு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

ஷுவும் தலையாட்டினாள். "நல்லது சாமி. அப்ப எங்க பேய் போயிடுச்சு. புதுசா ஒருத்தரை உக்கார வைங்க. நேத்து ஒருத்தர் முன்னால வேர்த்ததே, இன்னிக்குப் பட்டு கொண்டாந்திருக்காரே, அவரை."

பட்டுக் கட்டோடு நின்ற கொல்லன் முன்னால் தள்ளப்பட்டான். அவன் மண்டியிட்டான். கரடி அவனைப் பார்த்தது. அவனும் கரடியைப் பார்த்தான். வேர்த்தது அவனுக்குத்தான்.

"எனக்கு இல்லையா?" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"கரடியைக் குளிப்பாட்டணும்," என்று சாமியார் பாய்ந்தார். அதற்குள் வானின் மாமியார் அதைக் கையில் எடுத்துவிட்டாள். சந்தையில் முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே வாங்கிப் பழகியவள். கரடியையும் காதோரம் வைத்து ஆட்டினாள்.

"உள்ள தண்ணி ஆடுது," என்றாள்.

"அடியைப் பாருங்க அத்தை," என்றாள் ஷு. "ஈயம் ஊத்தற ஓட்டை இருக்கும்."

ஓட்டையில் மெழுகு அடைத்திருந்தது. மாமியார் கொண்டை ஊசியால் குத்தினாள். தீவிலிருந்து வந்த கரடி அவள் பாதத்தின்மேல் ஒரு கிண்ணத் தண்ணீரைக் கழித்தது. கடைசியில் கடலைப் பருப்பளவு பனிக்கட்டி ஒன்று விழுந்தது. குளிர்ந்த பானைக்கு வெளியே வேர்க்கும் என்பது அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். பானைக்குப் பொன்முலாம் பூசிக் காது வைத்ததும் மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கார ஷாவ் பெங் அந்தப் பனிக்கட்டியையே பார்த்தார். "எங்க கிடங்குல குளிர்காலத்துல வெட்டி வச்ச பனிக்கட்டி குறையுதுன்னு ரெண்டு வேலைக்காரனைத் திருட்டுப்பட்டம் கட்டி விரட்டினேன்," என்றார் மெதுவாக.

சாமியார் சுவரை நோக்கிப் போனார். முந்நூறு வயதுக்கு நல்ல வேகம்தான். ஆனால் இலந்தைப் பழ வயிறு சுவர் ஏற ஒத்துழைக்கவில்லை. கொல்லன் காலைப் பிடித்து இழுத்தான்.

"என் ரெண்டு கோழி?" என்றாள் மாமியார்.

"சாப்பிட்டாச்சு," என்றார் சாமியார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

சேவகர்கள் வந்து அவரைக் கட்டி இழுத்துப்போனார்கள். மாமியார் வானைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "வா, குழந்தை பசிச்சுக் கிடக்கும்," என்றாள்.

"அத்தை," என்றாள் ஷு, "புழு அறையில ஜன்னலை அடைச்சா வச்சிருந்தீங்க?"

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு பழந்துணியைத் திணிச்சு அடைச்சேன்."

"இந்தப் புழுக்கத்துல உங்களையே உள்ள போட்டு அடைச்சிருந்தா?"

கிழவி ஈரப் பாதத்தை உதறிக்கொண்டாள். வான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வரிசையின் கடைசியில் இருந்தவர்களுக்கு விஷயம் சாயங்காலம்தான் எட்டியது. அதுவரை அவர்கள் பட்டுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். கரடியைத் தூக்கிப் பார்க்க இருபது நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை. கரடியின் தலை காலியாக இருந்ததில் குற்றமில்லை, அது வெண்கலம். முன்னால் மண்டியிட்டவர்கள் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.