சிரட்டைக் கரியும் என் கல்யாணப் பேச்சும்

பாடத்தைப் பாதியில் மூடி வைத்தால் பரீட்சையில் புள்ளி குறையும். எனக்குக் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் என்னைப் பார்க்க வரவிருந்தார்கள். (மாப்பிள்ளையை எனக்கு முன்பே பிடித்திருந்தது. இதை யாருக்கும் சொல்லவில்லை.) எங்கள் சாய்ந்தமருது வீட்டு மண்டபத்தில் நின்ற அலுமாரிதான் பிரச்சினை. கரப்பானுக்குப் பயந்து உம்மா கல்முனைச் சந்தையில் வாங்கிய பூச்சி உருண்டைகளை அதற்குள் அள்ளிக் கொட்டியிருந்தார். வீடே நாறியது.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த மேதை.

"அது குளோரின் சேர்ந்த ஆவி உம்மா. தேங்காய்ச் சிரட்டைக் கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இரிக்கி. ஆவி அதுக்குள்ள போய் ஒட்டிப் பிடிச்சிரும். புறத்துறிஞ்சல் என்டு சொல்ற."

உருண்டைகளை எறிந்துவிட்டு, பழைய தலையணை உறை நிறையக் கரி போட்டு உள்ளே வைத்தேன். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கியது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று உம்மா அயலெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளன்று வாசலில் வேன் வந்து நின்றதும், "மகள், சாம்பிராணி போடு!" என்றார் உம்மா. குசினியில் கரி முடிந்திருந்தது. கரி கரிதானே என்று, அலுமாரிக் கரியை அள்ளி சாம்பிராணிச் சட்டியில் எடுத்த அடுப்புத் தணலின் மேல் போட்டு, அதை மண்டபத்தின் நடுவில் வைத்தேன்.

(சூடேறினால் கரி பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். அது நான் பாதியில் மூடி வைத்த பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.)

ஸலாம் சொல்லி முடிக்கவில்லை, கரி சேர்த்து வைத்திருந்த பூச்சி உருண்டை நாற்றம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மாமியாராக வரவிருந்தவர் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். பின்னால் சகோதரிகள், அதற்குப் பின்னால் வட்டிலப்பத் தட்டோடு உம்மா.

"யா அல்லாஹ், ஊட்டுக்குள்ள பாம்பு இருந்தா அதும் எங்களோட ஓடி வந்திரிக்கும்!" என்றார் மாமி.

உம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "கரி மழைல நனைஞ்சிட்டு போல..." என்று இழுத்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்ல மாமி, நான்தான்" என்று அழுதுகொண்டே ஓட்டை, ஆவி, சூடு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாமி மூக்கைத் துடைத்தார். "கரிக்கும் ஒன்டையும் ஒளிக்கத் தெரியா, இந்தப் புள்ளைக்கும் தெரியா. எங்களுக்குச் சரி."

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாம்பிராணிச் சட்டியைக் கண்டாலே மாமி கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "விஞ்ஞானி மூட்டப் போறா, வெளிய வாங்க" என்று பேரப்பிள்ளைகளையும் கூப்பிடுவார்.

போன வருடம் மாமி மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போது நான் சாம்பிராணி போட எழும்பினால், கணவர் அந்தக் கதிரையை முற்றத்தில் கொண்டுபோய் வைக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிறேன்.