நானூறு வருஷத்துச் சுவரும் ஒரு ஸ்விட்சும்

சௌபாக்கியவதி கும்குமுக்கு, மதுபனியிலிருந்து மாமா பட்டேஸ்வர் ஜா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குளத்து மீன்களும் சௌக்கியம். உன் மாமி மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உன் ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே! நம் வீட்டுக் கல்யாண அறைச் சுவரில் இருக்கும் கோஹ்பர் படத்தை யார் வரைந்தது, எப்போது, போட்டோ யார் எடுத்தது என்று அதை எழுதும்போது நீ போனில் கேட்டாய். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ஆழ்ந்து படித்தவன் சும்மா இருப்பேனா? "வரைந்தவர்: பெயர் தெரியாத மகான். வயது: நானூறு. போட்டோ: கலைச்செம்மல் பட்டேஸ்வர் ஜா" என்று அள்ளிவிட்டேன். நீயும் படத்துக்குக் கீழே அப்படியே போட்டுவிட்டாய். நானூறு வருஷத்துத் தாமரைக்கு நடுவில் மின்விசிறி ஸ்விட்ச் எப்படி வந்தது என்று கேட்கிறார்களாம். ராஜா காலத்தில் புழுக்கமே இல்லையா என்று நீ திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், அழுதுவிட்டாய். அதோடு, மூலையில் தெரியும் செந்நிற மலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயாம். அது மலை இல்லை, கண்ணு. என் கட்டைவிரல். இதைவிடப் பெரிய கையெழுத்தை எந்தக் கலைஞன் போட்டிருக்கிறான்?

விஷயம் மாமி காதுக்குப் போய்விட்டது. "போன வருஷம், கும்கும் வர முடியாம போன நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அவரையிலையை அரைச்சு, கரியைக் குழைச்சு, இடுப்பொடிய வரைஞ்சது நானு. யாருங்க அந்த மகான்? தாடி வச்சிருப்பாரா?"

"கோஹ்பர்ல நம்ம பொம்பளைங்க யாரும் பேரு எழுதறதில்லையே, சுனைனா."

"சுவத்துல எழுதறதில்ல. அதுக்காக உங்க பேரையா புஸ்தகத்துல எழுதறது?"

ஆகவே, படத்துக்குக் கீழே இப்படி மாற்று: "வரைந்தவர்: சுனைனா தேவி. போன வருஷம், சிமெண்டுச் சுவரில் இலைச்சாறும் கரியும். இடம்: பட்டேஸ்வர் ஜா இல்லம், மதுபனி. போட்டோ: பட்டேஸ்வர் ஜா." மலைப் பக்கத்தைக் கிழித்துப் போடு. மாதக் கடைசிக்குள் அனுப்பினால் அச்சில் ஏற்றுவார்கள் என்றாயே, தாமதிக்காதே. நம் குளத்தில் படரும் மக்கானா இலைபோல் உன் கல்வி மிதந்து பெருகட்டும்.

உன் அருமை மாமா.

பி.கு.: மாமி இதைப் படித்துவிட்டாள். "போட்டோ எடுத்ததும் நான்தான். நீங்க அப்ப பந்தியில மீன்முள்ளு எடுத்துக்கிட்டிருந்தீங்க. விரல்ல என் மருதாணி தெரியல?" தெரிகிறது. வீடும் அவள் அப்பா கட்டிக்கொடுத்ததாம். ஆகவே என் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு. அந்த ஸ்விட்ச் மட்டும் நான் பொருத்தியது. அது வேலை செய்வதில்லை. இருந்தாலும் ஓர் ஓரமாகப் போட முடியுமா, பார்.