போட்டுக்கு உலக்கையால் அடித்தது பற்றி கத்தார் மச்சானுக்கு

786

சாய்ந்தமருது
28.08.1997

கத்தாரில் தொழில் செய்யும் மரியாதைக்குரிய அபுல் ஹஸன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தம்பி மர்ஹூம் மீராசாஹிபின் மனைவி அஸீஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மகள் ஆகிலாவும் மருமகன் றிஸ்கானும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வக்தும் துஆ கேட்கிறேன். கோபமாக இருக்கிற நாளிலும் கேட்கிறேன். இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லுகிற விஷயத்தில் பிழை இல்லை.

நீங்கள் பேசி அனுப்பின கசட் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. வழமை போல ஹாலில் எல்லாரையும் இருத்தி வைத்துப் போட்டோம். முதல் பக்கம் முழுக்க சலாமும் அங்குள்ள வெயிலும். இரண்டாம் பக்கம் முழுக்க நான். "புரிசன் மௌத்தாகி இத்தாவில இரிக்கிற பொம்பிள, நாப்பது ஆம்பிளைக்கு முன்னால உலக்கையோட வந்து நிண்டவவாம். நம்மட குடும்பத்தில இப்பிடியொண்டு நடந்திரிக்கா?" என்று கேட்டீர்கள். பிறகு உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். அழுதீர்களோ தண்ணீர் குடித்தீர்களோ தெரியாது. மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நிறுத்தப் போனாள். நான்தான் ஓடட்டும் என்று சொன்னேன். நானும் ஒரு கசட்டில் பேசி அனுப்பலாம். ஆனால் அங்கே உங்கள் அறையில் இருக்கிற ஏழு ஆம்பிளைகளும் என் குரலைக் கேட்பார்கள், இத்தாவில் அது கூடாது என்று அடுத்த கசட் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாஜறா ராத்தா உங்களுக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறா. உங்கள் மனைவியைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, அவ பொய் சொல்லவுமில்லை. ஆனால் கதையை உலக்கையில் தொடங்கியிருக்கிறா. நான் போட்டில் தொடங்குகிறேன்.

அந்தப் பதினெட்டு அடி பைபர் போட் உங்களுடையது. போன வருஷம் கத்தாருக்குப் போகும்போது உங்கள் தம்பிக்கு விட்டுப் போனீர்கள். "பழசுதான், கொஞ்சம் தேச்சி பெயின்ட் அடிச்சாப் புதுசு" என்று என் முற்றத்தில் நின்று அதன் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னீர்கள், மாடு விற்கிறவர்கள் தட்டுவது போல. அன்றிலிருந்து அவருக்கு அதுதான் உலகம். தேய்த்தார், வெடிப்புகளை அடைத்தார், உள்ளே இருக்கிற குறுக்குப் பலகைகளை மாற்றினார், நீலம் அடித்தார், அந்த நீலம் பிடிக்காமல் வேறு நீலம் அடித்தார். வீட்டில் கறி மணத்தை விட பெயின்ட் மணம்தான் கூட. வேலை முடியவில்லை, அதற்குள் அல்லாஹ் அவரை எடுத்துக்கொண்டான். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பாயில் சாய்ந்தவர், வைத்த தேத்தண்ணி ஆறுமுன் மௌத்தாகிவிட்டார். அந்தத் தேத்தண்ணியை யார் ஊற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பார்க்கும்போது கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய முதல் உங்கள் கட்டளை வந்தது. போட் வேலை நிற்கக் கூடாது, மாரிக்கு முன்னம் றிஸ்கான் அதில் கடலுக்குப் போக வேண்டும், ராத்தாவின் தம்பி மஜீட் பொறுப்பாக நின்று வேலையை முடிப்பார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. றிஸ்கான் அரிசி மில்லில் நின்ற பிள்ளை. அவருக்குத் தவிடு தெரியும், கடல் தெரியாது. ஆகிலாவுக்கு வயிற்றில் ஆறு மாசம். நீங்கள் கசட்டில் மானம் மானம் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை கடலில் மானத்தின் மேலா மச்சான் இருக்கப் போகிறார்? பலகையின் மேல்தான் இருக்கப் போகிறார்.

பலகை என்று எதைச் சொல்கிறேன் என்றால், போட்டின் பின்பக்கம் இஞ்சினைக் கொளுவுகிற பலகை. வெளியே பார்த்தால் முழுக்க பைபர். உள்ளுக்குள் இருப்பது மரம். மரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி பைபர். சட்டை நல்லாயிருந்தால் உள்ளே ஆள் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தமா?

நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆம்பிளை கண்ணில் படாமல் அறைக்குள் இத்தாவில் இருக்கிறவளுக்கு வேலை என்ன. தொழுகிறேன், ஓதுகிறேன், அழுகிறேன், மிச்ச நேரமெல்லாம் காதுதான். ஜன்னலுக்கு ராத்தா போர்வை கட்டியிருக்கிறா. போர்வைக்கு அந்தப் பக்கம் போட். மஜீட் ஒவ்வொரு நாளும் வந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். பக்கத்தில் தட்டினால் டங் என்று கேட்கும். பின்பலகையில் தட்டினால் பொத் என்று கேட்கும். முப்பது வருஷமாக தேங்காயைத் தட்டித் தட்டி வாங்கினவள் நான். அழுகின தேங்காயும் இப்படித்தான் கதைக்கும்.

நேரே போய்க் கேட்க முடியாது. மஜீட் எனக்கு அந்நிய ஆம்பிளை. அதனால் நான் ஆகிலாவிடம் சொல்வேன், ஆகிலா றிஸ்கானிடம் சொல்வாள், றிஸ்கான் மஜீடிடம் சொல்ல வேண்டும். "பின்பலகை உள்ளுக்க உக்கிக் கிடக்கு, கழட்டிப் பாக்கச் சொல்லு" என்று நான் சொல்வேன். ஆகிலா புருஷனிடம் போய், உம்மாவுக்குப் பின்பலகையில் சின்னச் சந்தேகமாம் என்பாள். றிஸ்கான் புது மாப்பிள்ளை, மஜீட் வயதுக்கு மூத்தவர், வெட்கம். அவர் போய், மாமி உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னா என்பார். மஜீட் சந்தோஷப்பட்டுப் பதில் சலாம் அனுப்புவார். ஒரே நாளில் நான் ஐந்து சலாம் வாங்கியிருக்கிறேன் மச்சான். பலகை அப்படியேதான் இருந்தது.

அடுத்த வெள்ளி ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போன நேரம் என்னுடைய வளவுக்குள் நானே இறங்கினேன். நெல் மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். பைபரில் குத்தினால் ஊசிதான் வளையும். இஞ்சின் பூட்டுகிற ஆணித் துவாரத்துக்குள் விட்டேன். ஊசி முழுக்கப் போனது. இன்னும் நீளமான ஊசி இருந்தால் அதுவும் போயிருக்கும். இழுத்தால் நுனியில் கறுத்த சதை மாதிரி ஒன்று வந்தது, குளத்தில் ஊறப்போட்ட தேங்காய்ப் பொச்சு நாறுமே, அந்த நாற்றம். அதைக் கடதாசியில் சுற்றி, இந்த முறை சலாமாக மாறாமல் இருக்க, கடதாசியையே அனுப்பினேன். மஜீட் அதை மணந்து பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார், அறைக்குள் எனக்குக் கேட்கட்டும் என்று. "அஸீஸா ராத்தாவுக்குச் செல்லுங்க, இது பெயின்ட் தேச்ச தண்ணி. பலகை இரும்பு. உலக்கையால அடிச்சாலும் அசையாது."

உலக்கை என்ற சொல்லை யார் முதலில் எடுத்தது என்று இப்போது தெரிகிறதா? நான் அல்ல.

ஜூலை முப்பது, புதன்கிழமை. போட்டைக் கடலில் இறக்க நாள் குறித்ததும் நீங்கள்தான். காலையிலேயே பின்பலகையில் இஞ்சினைக் கொளுவிவிட்டார்கள். ராத்தா பாற்சோறு ஆக்கிக்கொண்டு வந்தா. லெப்பை வந்து பாத்திஹா ஓதினார். போட்டைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போக நாற்பது பேர். றிஸ்கான் புதுத் தொப்பி போட்டிருந்தார். ஆகிலா என் கையைப் பிடித்தபடி அறைக்குள் நின்றாள். "மறுகா ஒருக்கா செல்லிப் பாக்கட்டா உம்மா?" என்று கேட்டாள். மறுபடியும் ஒரு சலாம் வருமே தவிர வேறென்ன வரும். வெளியே மஜீட், எல்லாரும் சேர்ந்து தள்ளுங்க என்றார். நான் வெள்ளைப் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். குசினி மூலையில் உலக்கை நின்றது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆம்பிளைகள் விலகினார்கள், முழுக்க மரியாதையால் என்று சொல்ல மாட்டேன். பின்பலகையின் மேல் விளிம்பில் ஒரு அடி. ஒன்றேயொன்று. ராத்தா மூன்று என்று சொல்லியிருக்கிறா. மூன்று அடி தேவைப்படவேயில்லை மச்சான்.

பைபர் கிழிந்து, இஞ்சின் பலகையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. லெப்பையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி. உள்ளேயிருந்து கறுத்த சேறு கொட்டியது, அதற்குள்ளே கட்டெறும்பு முட்டைகளோடு குடும்பமாக இருந்தது. லெப்பை எறும்பைப் பார்த்தார், பிறகு மஜீடைப் பார்த்தார். "இதான் அந்த இரும்பா?" என்று கேட்டார். அப்புறம் முகத்தைத் தூக்காமலே என்னிடம் சொன்னார். "புள்ள, அவசரத்துக்கு வெளியில வரலாம். இப்ப அவசரம் முடிஞ்சி. உள்ளுக்குப் போங்க." போய்விட்டேன். மார்க்கம் படித்தவர் சொன்னது இவ்வளவுதான். கசட்டில் நீங்கள் சொன்னது முப்பது நிமிஷம்.

யாரும் பாற்சோற்றைத் தொடவில்லை, அவ்வளவு அவமானம் என்று ராத்தா சொன்னாவாம். பின்னேரம் அந்தச் சட்டியைக் கழுவினவள் நான். ஒட்டின பருக்கையும் இருக்கவில்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். விழுந்த பலகையில் ஒரு பெரிய பொந்து. அதற்குள் துணியைத் திணித்து, மேலே பசை போட்டு, பைபர் பூசி, தேய்த்து மழுப்பி மூடியிருக்கிறது. உக்கல் தானாக வரும். துணி தானாகப் போகாது. ஒரு மனிதன் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. போட் யாருடையதாக இருந்தது? முதுகில் தட்டிக் காட்டினது யார்? உங்கள் தம்பி வெள்ளை மனசு, தன் மூத்த காக்கா தந்ததென்றால் திருப்பிப் பார்க்க மாட்டார். அவர் அதில் ஏறிப் போயிருந்தால் அடக்கம் செய்ய எனக்கு மையித்தும் கிடைத்திருக்காது. அதற்குப் பிறகு என் மகளின் புருஷனையும் அதில் ஏற்றப் பார்த்தீர்கள். நான் வெளியே வந்தது உங்களுக்கு மானக்கேடு. உள்ளேயே இருந்திருந்தால் எனக்குப் பக்கத்தில் என் மகளும் இத்தா இருந்திருப்பாள். இதை நீங்கள் ஒரு கசட்டில் பேசுங்கள், கேட்கிறேன்.

போட்டை எடுத்துக்கொண்டு போக ஆள் அனுப்புங்கள். என் வளவில் அது இருக்கக் கூடாது. மஜீட் வரக் கூடாது, வேறு யாராவது வரட்டும். இனி என் வாழ்நாளில் அந்தப் போட்டைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். அவர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள், ஆனாலும் உங்கள் வழியாகச் சொல்லும்படி ஆகிவிட்டது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான உழைப்பும் ரிஸ்க்கும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
அஸீஸா

பி.கு. 02.09.1997. இதைத் தபாலில் போடச் சொல்லி றிஸ்கானிடம் கொடுத்து ஐந்து நாளாயிற்று. மறந்துவிட்டேன் மாமி என்கிறார். மறக்கிற பிள்ளை இல்லை. அதற்குள் நேற்று, உடைந்ததைப் பார்க்க என்று பாண்டிருப்பிலிருந்து கனகரெத்தினம் ஓடாவியைக் கூட்டிவந்தார், தோணி, போட் எல்லாம் செய்கிற அந்தக் கிழவர்தான். ஓடாவிக்குக் காது மந்தம், கத்தித்தான் கதைப்பார், எனக்கு எல்லாம் நேரே கேட்டது. பொந்துக்குள் இருந்த துணியை இழுத்து உதறி வேலியில் போட்டார். பச்சைக் கட்டம் போட்ட சாரம். போன நோன்புப் பெருநாளுக்கு உங்கள் தம்பிக்கு உடுக்க நான் எடுத்துக் கொடுத்தது. அப்போது நீங்கள் கத்தாரில் ஏழு மாசம். அந்தச் சாரத்தை மாடு தின்றுவிட்டது என்று அவர் என்னிடம் சொன்னார். நான் நம்பி, மாட்டுக்காரரோடு கதைப்பதை விட்டிருந்தேன்.

ஓடாவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மீராசாஹிபு தம்பி பங்குனியிலேயே வந்து புதுப் பலகைக்குச் சொன்னவர். நான் அறுத்துக் காயப் போட்டிருக்கன். அவர்தான், காயிற மட்டும் துணி வைச்சி மூடிவைக்கப் போறன், பொஞ்சாதிக்குத் தெரியப்படாது, தெரிஞ்சா என்ட காக்காவ எழுதியே கொல்லுவா எண்டவர். அதான் நானும் வாய் திறக்கல்ல."

அதைத்தான் மேலே செய்து வைத்திருக்கிறேன். உக்கியது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இனிக் கேட்கவில்லை. மூடினது நீங்கள் அல்ல. கிழிக்கலாம் என்று கையில் எடுத்தேன். மறுபடி எழுத எனக்குப் படிப்பும் போதாது, தாளும் இல்லை. அதனால் அனுப்புகிறேன். வாசித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள், ராத்தாவுக்குச் சொல்ல வேண்டாம். போட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். புதுப் பலகை நேற்றே வந்து இறங்கிவிட்டது. ஓடாவி பூட்டுவார், என் இத்தா முடிந்த பிறகு றிஸ்கான் இறக்குவார். ஓடாவியே முதல் மாதம் கூடப் போய்க் கடல் பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார். இறக்குகிற அன்றைக்கு நான் கரை வரைக்கும் போவேன், அதற்கும் கசட் அனுப்பாதீர்கள்.

எப்போது கடலுக்கு இறக்குவது என்று நான் உங்கள் தம்பியை ஒவ்வொரு நாளும் கேட்டேன் மச்சான். பெயின்ட் காயவில்லை என்பார். காயாமல் கிடந்தது பாண்டிருப்பில் ஒரு பலகை. மௌத்தாவதற்கு முதல் நாளும் சோம்பேறி என்று ஏசினேன். சிரித்துக்கொண்டு போய்த் தேய்த்தார். இப்போது அவரை ஏசுவதற்கு முன்னரை விடக் கூடக் கிடக்கிறது, ஆள் இல்லை. கிடைத்தது நீங்கள். என்னைப் பொறுத்து மாப் செய்யுங்கள்.