ஆதாரமில்லாமல் உயிரோடிருந்த அம்மாள்

பகலில் நோயாளிகளைப் பார்ப்பதும், மிச்ச நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் பெண் விஞ்ஞானிகளைப் பற்றிச் சம்பளமில்லாமல் கட்டுரை எழுதுவதும் டாக்டரம்மாவின் வழக்கம். யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு என்றுதான் அவரும் நம்பியிருந்தார்.

அவரிடம் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வரும் வயதான அம்மாள் ஒருவர் விஞ்ஞானி. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி டாக்டரம்மா ஆசை ஆசையாக எழுதிய கட்டுரையை நீக்கியே தீருவேன் என்று நின்றார் களஞ்சியத்தின் மேற்பார்வையாளர். எழுதுவதைவிட வெட்டுவதில் வல்லவர் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மாள் தாமே எழுதியிருக்கிறாராம், ஆகவே அவை தற்புகழ்ச்சியாம். பத்திரிகையில் பிறர் எழுதியிருந்தால்தான் ஆதாரமாம். அதுவும் ஒன்று போதாது, இரண்டு வேண்டுமாம்.

டாக்டரம்மா பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"எப்ப இறந்தாங்க?" என்றார் நிருபர்.

"நல்லா இருக்காங்களே."

"அப்ப செய்தி இல்லையேம்மா. சரி, எழுதித் தயாரா வெச்சுக்கறேன். ஆனதும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

இதைக் கத்தரியிடம் முறையிட்டபோது வேறொரு குட்டு வெளிப்பட்டது.

"அவங்களுக்கு வைத்தியம் பாக்கறது யாரு டாக்டர்?"

"நான்தான்."

"ஆதாரம் வரவிடாம தடுக்கறதே நீங்கதானே? அப்புறம் என்கிட்ட வந்து அழுதா எப்படி?"

மறுமுறை அந்த அம்மாளுக்கு மருந்து எழுதும்போது டாக்டரம்மாவின் பேனா ஒரு கணம் தயங்கியது உண்மை. ஆனாலும் சரியான மருந்தைத்தான் எழுதினார்.

நல்லவேளை, பத்திரிகைக்காரர்கள் அவசரக் குடுக்கைகள். தயாராக இருந்த இரங்கல் செய்தி தவறுதலாக அச்சேறிவிட்டது: 'மூத்த விஞ்ஞானி காலமானார்.' மறுநாள் திருத்தம் வந்தது: 'அவர் காலமாகவில்லை. வருந்துகிறோம்.' ஆக, ஆதாரம் இரண்டு. கத்தரி பெருந்தன்மையோடு அனுமதி அளித்தார். ஆதாரமில்லாததையெல்லாம் வெட்டியது போக மிஞ்சிய கட்டுரை இதுதான்: 'மேற்படி அம்மையார் ஒரு விஞ்ஞானி. இறக்காததற்காக அறியப்படுபவர்.'

கட்டுரையை லட்சம் பேர் படித்தார்கள். மருத்துவமனை அந்த அம்மாளுக்கு ஒரு விழா எடுத்துக் கேடயம் கொடுத்தது. தலைவர் முதல் காவலாளி வரை அவரோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் அந்த அம்மாள் டாக்டரம்மாவின் காதருகே வந்தார்.

"நான் என்னதான் கண்டுபிடிச்சேன்னு ஒருத்தராவது கேப்பாங்கன்னு பாத்தேன் டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது. யாருமே கேட்கவில்லை. இவ்வளவு தூரம் படித்து வந்த நீங்களும்தான் கேட்கவில்லை.