மூன்றரை மாதத்து முட்டை

ஜெயசீலன் ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர்த் தட்டைக் கழுவினான். ஈர மரத்தூளை அள்ளிவிட்டுப் புதிதாகப் பரப்பினான். தீவனம் வைத்தான். கோழிகளை எண்ணினான். ஆறு இருந்தன.

மூலையில் ஒரு முட்டையும் இருந்தது.

பொரித்துத் தின்றான். மனைவி பானு போன பிறகு டீ தவிர வேறெதற்கும் அடுப்பைப் பற்றவைத்தது அன்றுதான். அதுவரை டீயும் பாவ் ரொட்டியும்தான். பக்கத்து வீட்டு சாந்தகுமாரி கொண்டுவரும் டப்பாவை, "சாப்பிட்டாச்சு அக்கா" என்று வாசலிலேயே திருப்பிவிடுவான். கோழி போட்டதை எப்படித் திருப்புவது?

குஞ்சுகளை வாங்கியவள் பானு. அட்டைப்பெட்டியில், அறுபது வாட் பல்புக்கு அடியில், பத்து நாள் வளர்த்தாள். பதினோராம் நாள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. சிறகு முளைத்ததும் அவன் பல்பைக் கழற்றினான். பெட்டி போதாமல் போனதும் பின்பக்க மதிலோரம் பாக்கிங் மரத்தில் கூண்டு அடித்தான். உட்காரக் கம்பு வைத்தான். வேறு எதையும் யோசிக்கவில்லை.

அன்று மாலை ஏரவாடாவில் தீவனக் கடைக்குப் போனான்.

"காசிம் பாய், இனிமே முட்டைக்கோழித் தீவனம் குடுங்க."

"யாருக்கு?"

"நம்ம கோழிக்குத்தான். போட ஆரம்பிச்சிடுச்சு."

வாணியம்பாடிக்காரரான பாய் விரல்விட்டு எண்ணினார். "நான் குடுத்த குஞ்சுதானே? மூணரை மாசம்தான் ஆவுது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எந்தக் கோழியும் போடாது. யாரோ வெச்சிருக்காங்க."

"முட்டையைத் திருடுவாங்க பாய். கொண்டாந்து வெப்பாங்களா?"

"அதான் பயமா இருக்கு."

மறுநாளும் முட்டை. தொட்டால் ஜில்லென்றிருந்தது. அதையும் தின்றுவிட்டு, கூண்டுக்குப் பூட்டு வாங்கினான்.

மூன்றாம் நாள் முட்டை தீவனத் தட்டில் கிடந்தது. தட்டை வெளியிலிருந்தே இழுக்கலாம். அதைத் தின்றுவிட்டு, தட்டு நுழையும் இடுக்கை ஆணியடித்து மூடினான். தட்டு வெளியே கிடப்பது டூட்டிக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாலையில் பார்த்தால், பசியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறியிருந்தன. அதிகம் கொத்தியதைப் பிடித்து மாம்பழப் பெட்டிக்குள் தனியாக விட்டான்.

விடிந்ததும் அது கழுத்தை நீட்டிக் கூவியது. அதன் காலடியில் ஒரு முட்டை.

சேவல் முட்டையிட்ட செய்தி கட்கி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. சாந்தகுமாரியின் கணவர் சுப்பையா பனியனோடு ஓடிவந்தார்.

"பக்கா கரணி!" என்றார். செய்வினைக்கு மராட்டிக்காரர்கள் சொல்லும் வார்த்தை. "எலுமிச்சம்பழம், முட்டை, இது ரெண்டும்தான் வெப்பானுங்க. எத்தனை தின்னே?"

"மூணு."

"ஐயோ! இதை?"

"ராத்திரிக்கு வெச்சிருக்கேன்."

"எங்க ஃப்ரிட்ஜ்லயே தினம் ஒண்ணு குறையுது ஜெயசீலா. கரணி சுவரேறி எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள கோழியைக் குடுத்துத் தொலை. இல்லே, ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்."

குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. ஜெயசீலன் தலையாட்டினான். அதன்பின் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்த்தான். பால்காரர் கையை. தபால்காரர் கையை. சுப்பையாவின் கையை இரண்டு முறை.

ஞாயிறு காலை காசிம் பாய் கோழிகளை எடுத்துப்போக மூங்கில் கூடையோடு வந்தார். முதல் கோழியைப் பிடித்துக் கூடைக்குள் விடப்போனபோது, ஜெயசீலன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"கையை எடு தம்பி."

"பானு வாங்கினது பாய்."

மதிலோரம் சுப்பையாவோடு நின்ற சாந்தகுமாரி, முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் அன்றைய முட்டை.

"கோழியை விடுங்க பாய். நான்தான் வெச்சேன்."

"நீயா?" சுப்பையா வாய் பிளந்தார். "சேவலுக்குக் கீழயா கொண்டுபோய் வெப்பே?"

"அது கூவறதுக்கு முன்னாடி சேவல்னு எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை மாசத்துல போடும்னுதான் எனக்கென்ன தெரியும்?"

"எதுக்குக்கா?" என்றான் ஜெயசீலன்.

சாந்தகுமாரி அவனைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்தாள். "பொம்பளைங்க வார்டுல உன்னை உள்ள விடலை. கடைசியா நான்தானே கூட இருந்தேன். பானு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா."

"என்ன சொன்னா?"

"'மனுஷங்க குடுத்தா அவரு வாங்க மாட்டாருக்கா. கோழி குடுத்தா வாங்கிப்பாரு.'"