வாசல் வரைக்கும் வருகிறவர்

வாசல்காரர் என்று ஓர் இனம் உண்டு. எந்த நல்ல காரியமானாலும் அதன் வாசல்வரை வந்து, விலாசத்தைச் சரிபார்த்து, நேரத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே மட்டும் போகாமல் திரும்பிவிடுகிற இனம். எங்கள் வேங்கிக்காலில் அந்த இனத்தின் தலைவர் கோதண்டராமன்.

கேலிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணாமலையார் என்னைக் கேட்பார். சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஓர் அம்மாள், செருப்பு வார் அறுந்து, கொதிக்கிற தாரில் கால் வைக்க முடியாமல் என் டீக்கடை ஓரம் தத்தளித்தாள். கோதண்டராமன் தன் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நடந்தே போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றாராம். போதையில் தொலைத்ததாகத் திட்டும் வாங்கிக்கொண்டார்.

நல்ல மனிதர். குடிப்பார்.

பொறுத்துப் பார்த்த மனைவி சரோஜா, கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “குடியை விட்டவங்க கூட்டம்னு ஒண்ணு நடக்குதாமே, அதுல ஒருநாள் உள்ள போய் உட்காரு. மறுநாளே நான் வந்துடுறேன்.”

ஆரம்பித்தது விசாரணை. ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து, மருந்துக்கடையில் விசாரித்து, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் விசாரித்து, கூட்டம் என் கடைக்கு நேர் எதிரே தட்டச்சுப் பள்ளியின் பின்னறையில் ஞாயிறுதோறும் நடக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. மதுக்கடைக்கு யாராவது வழி கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா?

கண்டுபிடித்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. “ஆறுக்கு ஆரம்பம், ஏழரைக்கு முடியும், பேர் கேக்க மாட்டாங்க, ஊர் கேக்க மாட்டாங்க, சுக்கு காப்பி தருவாங்க” என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஒப்பித்தார். அவரிடம் வழி கேட்டுக்கொண்டு உள்ளே போன ஜானி பாஷா, குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது அங்கே நாற்காலி போடுகிறவரே அவர்தான். வழி சொன்னவர்? சாலைக்கு இந்தப் பக்கம், என் கடை பெஞ்சில்.

ஒரு வாரம், “லேசா போட்டுட்டேன்க்கா, இந்த வாசனையோட போனா மரியாதையா இருக்காது.” அடுத்த வாரம், “இன்னைக்குதான் குடிக்கவே இல்லையே, எதுக்குப் போகணும்?” அதற்கடுத்த வாரம் அமாவாசை.

பிறகு ஒருநாள் ஞானம் பிறந்தது. தட்டச்சுப் பள்ளி வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கைகூப்பியபடி கட்டடத்தை வலம் வந்தார்.

“என்னா தம்பி இது?” என்றேன்.

“அண்ணாமலையாரையே சுத்தித்தானேக்கா கும்பிடுறோம். மலை உச்சியிலயா ஏறி நிக்கிறோம்?”

சுற்றி முடித்து நாம் கோயிலுக்குள் போகிறோமே என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் மனிதர் வாசலில் கிடந்த செருப்பைப் போனில் படம் பிடித்து சரோஜாவுக்கு அனுப்பியிருந்தார். அதுவே வாராவாரம் வழக்கமாயிற்று.

உள்ளே ஜானி பாஷாவுக்குக் குழப்பம். அவர் வாசலில் செருப்பை எண்ணித்தான் நாற்காலி போடுவார். “ஒரு ஜோடி ஜாஸ்தியா இருக்குதுக்கா. நாற்காலி ஒண்ணு எப்பவும் சும்மாவே கிடக்குது.”

போன ஞாயிறு சரோஜா வந்து இறங்கினாள், துணிப் பையோடு. முதல் மூன்று படத்தை நம்பாதவளை நாலாவது படம் அழைத்து வந்திருந்தது. எதிர் வாசலில் செருப்பைப் பார்த்ததும் கோபுரம் இருக்கிற திசையா என்றுகூடப் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஏழரை வரைக்கும் இங்கயே உட்கார்றேன்க்கா. வெளிய வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

எப்படிச் சொல்வது? கோழை நான், டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அவள் வாயில் வைப்பதற்குள் கட்டட மூலையில் திரும்பி வந்தார் கோதண்டராமன், கூப்பிய கையோடு, மூன்றாம் சுற்று.

சரோஜா சாலையைக் கடந்து போனாள். “செருப்பு திருந்திடுச்சு. நீ எப்பய்யா?”

“வாசல் வரைக்கும் வந்துட்டேன் சரோஜா…”

அவள் கத்தவில்லை. குனிந்து செருப்பை எடுத்துப் பையில், தன் துணிக்கு மேலேயே வைத்தாள். “உள்ள போய் உட்காந்துட்டு, கீழ்பென்னாத்தூருக்கு வந்து வாங்கிக்க.” அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு எத்தனை மாதமாக உங்கள் சட்டைப்பையில் வலம் வருகிறது என்று பாருங்கள். பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டுத் தெருவை எத்தனை முறை கடந்திருக்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் செருப்பும் ஏதோ ஒரு வாசலில் கிடக்கலாம்.

பஸ் மறைந்தும் அவர் அங்கேயே நின்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே பதினான்கு பேர், அத்தனை பேரும் வெறுங்கால். காலி நாற்காலியைத் தட்டி, “வாங்கண்ணே” என்று ஜானி பாஷா கூப்பிட்டார்.

“போ தம்பி, இப்பவாச்சும் போ” என்றேன்.

திரும்பி என் கடையைத் தாண்டி நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தாண்டும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்:

“செருப்பு இல்லாம எப்படிக்கா உள்ள போறது?”